தாய்லாந்துத் திருவிழாக்களை வீட்டுத் திண்ணையிலிருந்தும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்லாந்தின் சொங்கிரான் புத்தாண்டைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாங்காக்கின் காவோசான் சாலையிலும் சீலோம் சாலையிலும் இளைஞர்கள் தண்ணீர்த் துப்பாக்கிகளோடு நிற்கும் படங்களும், எந்த விடுதியில் தங்கலாம், எந்தத் தீவுக்குப் போகலாம் என்ற விவரங்களும் பக்கம் முழுவதையும் நிறைத்திருந்தன. அவற்றில் பிழை என்று சொல்லத்தக்க செய்தி எதுவும் இல்லை. ஆனால் 2014ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் வடகிழக்கே, ஈசான் பகுதியிலுள்ள உபோன் ராட்சதானி மாகாணத்தில் கணித ஆசிரியையாகப் பணிபுரிந்து வரும் எனக்கு, நான் பார்த்துவரும் சொங்கிரான் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை என்பது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. இங்கே ஆசிரியப் பணிக்கு வர விரும்பும் நம் பட்டதாரிகள் சிலர் அவ்வப்போது என்னிடம் விவரம் கேட்பதுண்டு. ஊரைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ கேட்பதற்கு முன், ஏப்ரலில் எத்தனை நாள் விடுமுறை, எங்கே சுற்றலாம் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் படித்ததும் பார்த்ததும் அத்தகைய பக்கங்களைத்தான். ஆகவே, இந்நாட்டின் திருவிழாக்கள் ஒரு பள்ளிக்கூடத்திலும் ஒரு வீட்டிலும் எப்படி நடக்கின்றன என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச்சொல்ல இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இங்கே பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்குகிறது. தொடங்கிய சில வாரங்களுக்குள், வழக்கமாக ஒரு வியாழக்கிழமையில், ‘வை க்ரூ’ என்னும் ஆசிரியர் வணக்கம் பள்ளிதோறும் நடைபெறும். ‘வை’ என்றால் கைகூப்பி வணங்குதல். ‘க்ரூ’ என்பது நம் குருவேதான். வியாழனைக் குரு என்று சொல்லும் நமக்கு, அந்தக் கிழமையைப் பிரகஸ்பதியின் பெயராலேயே இவர்கள் வழங்குவதும், ஆசிரியரை வணங்க அந்த நாளையே தேர்ந்துகொள்வதும் விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும். முதல் ஆண்டு அந்தப் புதன்கிழமைப் பிற்பகலில், பாடம் நடக்காது என்று சொல்லி என்னை வகுப்பில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் வாழையிலையைக் கிழித்து மடித்து, குண்டூசியால் கோத்து, பூத்தட்டு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். விவசாயக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி தன் புத்தகப் பையைத் திறந்து, வயல் வரப்பிலிருந்து பறித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்த ஒரு கட்டுப் புல்லை எடுத்து வைத்தாள். அது அருகம்புல். அவளுக்கு அடுத்தவன் வீட்டுக் கொல்லையிலிருந்து கத்தரிப் பூ கொண்டுவந்திருந்தான். பள்ளி வேலியோரம் பூத்திருந்த வெட்சிப் பூவை, நம் பக்கத்தில் இட்லிப்பூ என்று சொல்வோமே அதை, இன்னும் இருவர் கொத்துக் கொத்தாகப் பறித்து வந்தார்கள்.

எதற்கு இவை என்று கேட்டேன். எனக்குத் தாய்லாந்து மொழி அரைகுறையாகவே தெரிந்திருந்த காலம் அது. பிள்ளைகள் கைச்சாடையும் ஆங்கிலமுமாகக் கலந்து விளக்கினார்கள். வெட்சியின் பெயர் இங்கே ‘தோக் கெம்’, அதாவது ஊசிப் பூ; அதன் மொட்டைப் போல அறிவு கூர்மையாக வேண்டும். அருகு மிதித்தாலும் வாடினாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துப் படரும். கற்றதும் அப்படிப் படர வேண்டும், பொறுமையும் அப்படி நிலைக்க வேண்டும். கத்தரிப் பூ காய் பிடிக்கும் தறுவாயில் தலை கவிழும். படித்தவன் பணிய வேண்டும். தட்டில் தூவியிருந்த நெற்பொரி ஒழுங்குக்கு அடையாளம், ஏனென்றால் சட்டியின் வரம்புக்குள் நிற்கும் நெல்தான் பொரியாக மலரும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதை மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லவில்லை. தம் கொல்லையிலும் வரப்பிலும் அன்றாடம் பார்க்கும் செடிகளைப் பற்றிச் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார்கள். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகை என் கையில் வைத்துக்கொண்டு நான் அவர்களிடம் மாணவியாக அமர்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மேடையில் ஆசிரியர்கள் வரிசையாக நாற்காலிகளில் அமர்ந்தோம். பாலி மொழியில் தொடங்கும் வணக்கப் பாடலை முழுப் பள்ளியும் சேர்ந்து ஓதியது. அதில் ‘ஆசரியா’ என்ற சொல் தெளிவாக என் காதில் விழுந்தது. பிறகு ஒவ்வொரு வகுப்பின் சார்பிலும் ஒரு மாணவனும் மாணவியும் முழங்காலிட்டு நகர்ந்து வந்து, தட்டை நீட்டித் தரைவரை தலை தாழ்த்தினார்கள். நான் பதறி எழுந்துவிட்டேன். காலில் விழும் பிள்ளையைத் தோள்தொட்டுத் தூக்கி நிறுத்துவதுதானே நம் வழக்கம்! பக்கத்திலிருந்த மூத்த ஆசிரியை என் முன்கையை மெல்லப் பற்றி உட்கார வைத்தார். விழா முடிந்தபின் அவர் பொறுமையாக எடுத்துச்சொன்னார்: அந்தப் பிள்ளை இரண்டு நாள் உழைத்துச் செய்ததை முழுமையாகக் கொடுத்து முடிக்கும்வரை அமைதியாக இருந்து பெற்றுக்கொள்வதே ஆசிரியரின் பங்கு, இடையில் எழுந்தால் அது அடக்கமாகத் தெரியாது, அந்தப் பிள்ளையின் வணக்கத்தைப் பாதியில் நிறுத்தியதாகவே ஆகும் என்று. அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் நான் அசையாமல் அமர்ந்து பெற்றுக்கொள்கிறேன். அந்த வணக்கத்திற்குத் தகுதியாக அவ்வாண்டு முழுவதும் பாடம் நடத்த வேண்டுமே என்ற கவலை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறது.

அன்றாட வாழ்க்கையிலும் இப்படித் திருத்திக்கொள்ள வேண்டியவை எனக்குப் பல இருந்தன. முதல் வாரத்தில், கணக்கைச் சரியாகப் போட்ட ஒரு சிறுவனின் தலையைத் தட்டிக் கொடுத்தேன். அவன் சட்டென்று தலையைக் குனிந்து ஒதுங்கினான். உடலில் தலையே மேலான இடம், பிறர் அதைத் தொடுவது மரியாதை ஆகாது என்றும், அதேபோல் பாதத்தை எவரை நோக்கியும் நீட்டக் கூடாது என்றும் அன்று மாலை தெரிந்துகொண்டேன். காலை எட்டு மணிக்கு நாட்டுப்பண் ஒலிக்கக் கொடியேறும்; அதற்கு முன்பே முறைப்பணி ஆசிரியர்கள் வாயிலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையின் வணக்கத்தையும் ஏற்க வேண்டும். வகுப்பறைக்கு வெளியே காலணிகள் வரிசையாக இருக்கும். எதிர்ப்படுகிற எவரும் நலமா என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியே அந்நிய ஊர் என்ற எண்ணத்தை எனக்குப் பாதி குறைத்துவிட்டது. மதியத்தில் மூங்கில் கூடையிலிருந்து ஒட்டும் அரிசிச் சோற்றைக் கையால் கிள்ளி உருட்டிச் சாப்பிடும் ஆசிரியைகளோடு நானும் கையால் சாப்பிட்டபோது அவர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியாது.

இனிச் சொங்கிரானுக்கு வருகிறேன். ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் இப்புத்தாண்டு நம் சித்திரை முதல் நாளின் உடன்பிறப்பு. ‘சங்கராந்தி’ என்ற சொல்லே இங்கே சொங்கிரான் ஆனது. அப்போது பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அதனால் வெளிநாட்டு ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஊருக்கோ கடற்கரைக்கோ சென்றுவிடுகிறார்கள், பள்ளியில் ஆண்டு முழுவதும் பார்த்த பிள்ளைகளின் வீடுகள் நிறையும் நாட்களை அவர்கள் பார்ப்பதே இல்லை. பாங்காக்கிலும் தொழிற்பேட்டைகளிலும் வேலை பார்க்கும் ஈசான் மக்கள் ஆண்டில் இந்த ஒரு வாரம் பேருந்திலும் தொடர்வண்டியிலும் நெருக்கியடித்து ஊர் திரும்புகிறார்கள். என் வகுப்பில் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பலர். ஏப்ரல் 13 இந்நாட்டில் முதியோர் நாள், 14 குடும்ப நாள் என்று அரசே அறிவித்திருப்பது ஏன் என்பது, பேருந்து நிலையத்தில் ஒரு பிள்ளை தன் தாயைப் பார்த்து ஓடுவதைக் கண்டால் தெரியும். அந்த வாரத்தின் சாலை விபத்துகளையும் உயிரிழப்புகளையும் அரசு நாள்தோறும் எண்ணி அறிவிக்கும் அளவுக்கு அந்தப் பயணம் ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர்த் திருவிழாவைப் புகழும் கட்டுரைகளில் இது இடம்பெறுவதில்லை.

உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் 2015ஆம் ஆண்டு என்னைத் தம் கிராமத்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார். காலையில் கோயிலுக்குப் போய் புத்தர் சிலைகளுக்கு நறுமண நீர் வார்த்தோம். கோயில் முற்றத்தில் பிள்ளைகள் வாளி வாளியாக மணல் கொண்டுவந்து கொட்டி, சிறு கோபுரங்கள் கட்டிக் கொடி நட்டார்கள். ஆண்டு முழுவதும் கோயிலுக்கு வந்து போனவர்களின் கால்களில் ஒட்டிச் சென்ற மண்ணைத் திருப்பித் தருவதாக இதற்குப் பொருள். பிற்பகலில் வீட்டுத் திண்ணையில் விரித்த பாயில் ஆசிரியையின் தாயாரும் தெருவிலிருந்த மற்ற முதியவர்களும் உட்கார்ந்தார்கள். ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் மல்லிகை மிதக்கும் நீர். மகன், மருமகள், பேரன் என ஒருவர்பின் ஒருவராக முழங்காலிட்டு, சேர்த்து ஏந்திய அந்த முதிய உள்ளங்கைகளில் சிறிது சிறிதாக நீர் வார்த்து, ஆண்டில் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு கேட்டார்கள். வயலில் நாற்று நட்டு நட்டு விரல்கள் வளைந்துபோன கைகள் அவை; நீர் விரலிடுக்கில் வழிந்து, கீழே வைத்திருந்த தட்டில் சொட்டியது. பாங்காக்கில் வாடகை வண்டி ஓட்டும் மகன் பேச வாயெடுத்தும் பேச்சு வராமல் நின்றார். என் முறை வந்தபோது நானும் நீர் வார்த்தேன். அந்த அம்மா வாழ்த்துச் சொல்லி, ஈரக் கையால் என் உச்சியில் சில துளிகள் தெளித்தார்.

மாலையில் தெருவில் பிள்ளைகள் வாளியும் குழாயுமாகத் தண்ணீர் இறைத்து ஆடியது உண்மை, நானும் நனைந்தேன். அந்த விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சொங்கிரானைச் சேர்த்தபோது, உலகச் செய்திகளில் மீண்டும் தண்ணீர்த் துப்பாக்கிகளே முன்னே வந்தன, அந்தத் திண்ணை வரவில்லை. 2020இல் கொரோனாவினால் ஏப்ரல் விடுமுறையை அரசு தள்ளிவைத்தபோது என் மாணவர்கள் துப்பாக்கிக்காக ஏங்கவில்லை, அம்மா வரமாட்டார்களாமே என்றுதான் கேட்டார்கள்.

திருவிழாக் கணக்கில் சேராத ஒன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஈசான் வாழ்க்கையை எனக்குக் காட்டியது அதுதான். 2018ஆம் ஆண்டு என் தந்தை காலமானார். ஊருக்குச் சென்று காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பிய மூன்றாம் நாள், ஆசிரியர் அறையின் நடுவில் வாழையிலையால் கூம்பாக அடுக்கிய ஓர் அலங்காரம் இருந்தது. அதன் கிளைகளில் வெள்ளைப் பருத்தி நூல்கள் தொங்கின. அடியில் வேகவைத்த முட்டையும் ஒட்டும் அரிசிச் சோறும் வாழைப்பழமும் இருந்தன. ஒவ்வொருவர் உடலிலும் ‘க்வன்’ என்ற உயிர்ப்பு குடியிருக்கிறது, துயரத்திலோ அச்சத்திலோ நெடும்பயணத்திலோ அது உடலை விட்டு அலையும், அதை அழைத்து வந்து நூலால் கட்டி நிறுத்த வேண்டும் என்பது இவர்களின் நம்பிக்கை. ஊர்ப் பெரியவர் ஒருவர் அதை அழைக்கும் வாய்மொழிப் பாடலை ஓதினார். பிறகு ஆசிரியர்களும், சமையல் கூடத்து அம்மாவும், காவலாளியும் ஒவ்வொருவராக வந்து என் மணிக்கட்டில் நூல் கட்டினார்கள். காப்புக் கட்டும் மரபில் வளர்ந்த எனக்கு அந்த நூலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூன்று நாளாவது கழற்றக் கூடாது என்றார்கள். நான் தானாக அறும்வரை கழற்றவில்லை.

மற்றத் திருவிழாக்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆடி மாதத்தை ஒட்டி, துறவிகள் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் மழைக்கால நோன்பு தொடங்குகையில், உபோன் நகரில் மாபெரும் மெழுகுவர்த்தி ஊர்வலம் நடக்கும். நோன்புக் கால இரவுகளில் துறவிகள் ஓதுவதற்கு விளக்கு வேண்டும் என்று ஊரார் மெழுகு சேர்த்துக் கொடுத்த வழக்கமே அதன் வேர். ஊர்வலத்தைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வாரங்களில் கோயில் வளாகங்களில் நடக்கும் வேலைதான்: மெல்லிய மெழுகுத் தகட்டில் வெட்டிய பூ வேலைகளைப் பிள்ளைகள் மாலைதோறும் ஒட்டித் தருகிறார்கள், ஒரு பூ பிசகினால் மூத்த கைவினைஞர் சினக்காமல் பெயர்த்தெடுத்து மறுபடியும் கொடுக்கிறார். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வரும் பௌர்ணமியில் லோய் கிரதோங்; வாழைத்தண்டு வட்டத்தில் இலையும் பூவும் வைத்து, விளக்கேற்றி, மூன் ஆற்றில் விட்டு, நீரைப் பயன்படுத்தியதற்கும் அசுத்தப்படுத்தியதற்கும் ‘மே கொங்கா’விடம், அதாவது கங்கையம்மனிடம், மன்னிப்புக் கேட்கிறார்கள். ஆடிப்பெருக்கில் காவிரியை வணங்கும் நமக்கு அந்த மன்னிப்பையும் சேர்த்துக் கேட்கத் தோன்றவில்லையே என்று ஒவ்வோர் ஆண்டும் நினைத்துக்கொள்வேன். பாங்காக்கின் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் ‘திரியம்பவாய் திரிபவாய்’ என்ற வழிபாட்டின் பெயரில் நம் மார்கழித் திருவெம்பாவையும் திருப்பாவையும் இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் நம்மிலும் குறைவு. இந்த வழிபாட்டோடு இணைந்திருந்த ஊஞ்சல் விழா 1935ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சுதத் கோயில் எதிரே செந்நிற ஊஞ்சல் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன.

2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் மறைந்தபோது, நாங்கள் ஓராண்டு கறுப்பு ஆடையில் பள்ளிக்குச் சென்றோம். அவ்வாண்டு விழாக்களில் இசையும் ஆட்டமும் அடங்கிப்போயின. ஓராண்டுக்குப் பின் நடந்த தகனத்தை முன்னிட்டு, அவர் பிறந்த திங்கட்கிழமைக்குரிய மஞ்சள் நிறத்தில் பூக்கும் துலுக்கச் சாமந்தியை நாடெங்கும் நட்டார்கள். எங்கள் பள்ளியிலும் நட்டோம். அக்டோபர் இறுதியில் பூக்கும்படி விதைக்கும் நாளைக் கணக்கிடுவதையே நான் எட்டாம் வகுப்புக்கு அவ்வாரப் பாடமாக வைத்தேன். வெளிநாட்டவளான எனக்கு அத்துயரில் பங்கில்லை என்று யாரும் ஒதுக்கவில்லை. தகனத்துக்குரிய சந்தனப் பூக்களைக் காகிதத்தில் மடிக்கும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கித் தந்தார்கள்.

இங்கே பணிக்கு வரும் நம் இளைஞர்களுக்கு விசா, பணி அனுமதி, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்கும் கடமை ஆகியவற்றைச் சொல்லித்தர முகவர்கள் இருக்கிறார்கள். முதல் சொங்கிரானுக்கு ஊரை விட்டுப் போகாதீர்கள், உடன் பணிபுரிபவர் வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள், பழங்களோ பூவோ எடுத்துக்கொண்டு, தோளும் முழங்காலும் மறையும் ஆடையில் செல்லுங்கள், அங்கே முதல் வேலையாகக் கைபேசியை எடுக்காதீர்கள் என்று சொல்லித்தர யாரும் இல்லை. நாட்டு மொழியை ஓராண்டுக்குள் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது கற்பது அவர்களின் பணியின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் என்ற காரணத்தால் பிள்ளையின் பாட்டியிடம் இரண்டு சொல் பேச இயலாமல் நிற்பது, எத்தனை ஆண்டு ஆனாலும் அவரை விருந்தாளியாகவே வைத்துவிடும்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சித்திரைக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் சொங்கிரானைப் பற்றி எழுதும்போது, பாங்காக்கின் சாலைகளோடு நிறுத்தாமல், ஈசானிலோ வடக்கிலோ ஒரு கிராமத்து வீட்டிலிருந்தும் எழுதச் செய்யுங்கள். தாய்லாந்தில் பணிபுரியும் தமிழ் ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். கேட்டால் எழுதித் தருவோம். என் சக ஆசிரியையின் தாயார் இப்போது எண்பத்தொரு வயதைக் கடந்துவிட்டார். இவ்வாண்டும் அதே திண்ணையில் அதே கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். தம் கைகளை மட்டும் படம் எடுத்துக்கொள்ள அவர் சம்மதித்திருக்கிறார். அந்தப் படத்தை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். இடமிருந்தால் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கணித ஆசிரியை,
உபோன் ராட்சதானி, தாய்லாந்து.